இலக்கருகே கேமரா இருந்தால் மட்டும் போதாது
"இலக்கருகே கேமரா வைத்துவிட்டால் குண்டு பட்ட இடம் குறித்து ஐயமே எழாது" என்று நெடுந்தொலைவுத் துப்பாக்கி சுடுதல் பற்றிய கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. 1,000 மீட்டர் தொலைவிலுள்ள 7.62 மில்லிமீட்டர் துளையைத் தொலைநோக்கியில் தேடும்போது கானல் அலைகள் அதை மறைத்துவிடும் என்பதும், அந்தச் சிரமத்தைக் கேமரா நீக்குகிறது என்பதும் உண்மையே. ஆனால், குண்டு படாதிருக்கப் பக்கவாட்டில் சாய்வாக வைக்கப்படும் கேமராவில் இலக்கின் அகலம் குறுகித் தெரிவதால், மென்பொருளில் கோணத்தைச் சரிசெய்யாமல் இடவல விலகலை அளந்தால் குண்டைக் காற்று தள்ளுவதை ஈடுசெய்யும் திருத்தமும் பிழையாகிவிடும். ஒருமுறை என் ஐந்தாவது குண்டு இலக்கையே தவறவிட்டது என எண்ணி, துப்பாக்கியின் குறிநோக்கியில் குறியை நகர்த்தும் திருகை மாற்றிவிட்டேன். பின்னர் முந்தைய படத்தோடு ஒப்பிட்டபோதுதான், மூன்றாவது துளையின் இடது விளிம்பு பிறைபோல் சற்றே விரிந்திருப்பதும், ஐந்தாவது குண்டு அந்தத் துளை வழியாகவே பாய்ந்திருப்பதும் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னும் பின்னும் ஒரு படத்தைச் சேமித்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே திருகைத் தொடுகிறேன்.