மிஞ்சிய சேவலைக் கொடுப்பது அவ்வளவு எளிதல்ல

"முதலில் குஞ்சு வாங்குங்கள், கூண்டைப் பிறகு கட்டலாம், சேவல் மிஞ்சினால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். ஒரு சேவலுக்குச் சுமார் 10 பெட்டை வேண்டும் என்பதால், கோழி வளர்ப்பவர்கள் பலரிடமும் ஏற்கெனவே சேவல் மிச்சம்தான். இலவசமாகக் கொடுத்தால் கறிக்கோ சண்டைக்கோ போய்விடலாம், பாவம். முட்டைதான் வேண்டுமென்றால் சேவலே தேவையில்லை. பெட்டை தானாகவே இடும். சேவலா பெட்டையா என்று தெரியும் அளவுக்கு வளர்ந்த பெட்டைகளாகப் பார்த்து வாங்குங்கள்.

கூண்டைத் தள்ளிப்போடவே கூடாது. மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயைத் தடுக்காது, கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), உறுதியான தாழ்ப்பாள், காற்றோட்டம், இரவில் அடைய ஒரு கட்டை எல்லாம் தயாரான பிறகு கோழி வரட்டும்.