பாட்டி சொன்ன நந்தனார் கதை

பழங்கதைகளைக் கேள்வி கேட்டால் நம்பிக்கை கெட்டுவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குச் சொந்த ஊர் புவனகிரி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சிவபக்தர் நந்தனார், அவரை ஆட்டிவைத்த பண்ணையார் வேதியர், ஒரே இரவில் விளைந்த 40 வேலி நிலம் என்று பாட்டி கதை சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த வேதியர் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லவே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் சேர்த்தவர் என்பது கல்லூரியில் ஒரு விமர்சனக் கட்டுரை படித்தபோதுதான் தெரிந்தது. சரி, ஆனால் தீ மட்டும் இரண்டிலும் இருக்கிறது. தில்லைக்குள், அதாவது சிதம்பரம் கோயிலுக்குள், போக நந்தனார் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்? பாட்டியிடமே கேட்டேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "எனக்கும் சின்ன வயசுலேருந்து அது உறுத்துதுடா" என்றார். அதற்கப்புறமும் மார்கழியில் சிதம்பரத்தில் நடக்கும் ஆருத்ரா தரிசனத்துக்குப் பாட்டி போகாத வருஷம் கிடையாது.