பதினேழு வயதில் தாயானால் பின்னாளில் வருமானம் கூடுமா?

"சின்ன வயசிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் பின்னால் அதிகம் சம்பாதிக்கிறார்கள், அமெரிக்க ஆய்வே சொல்கிறது." பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

ஆய்வு இருப்பது உண்மைதான். ஹோட்ஸ், மெக்எல்ராய், சாண்டர்ஸ் என்ற மூவர் 2005இல் வெளியிட்டது. பதின்வயதில் கருவுற்று பிள்ளை பெற்றவர்களை, அதே வயதில் கருவுற்றுக் கரு கலைந்துபோனவர்களோடு ஒப்பிட்டார்கள். இரு தரப்புமே பெரும்பாலும் ஏழைகள். இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பிள்ளை பெற்றவர்களின் சம்பாத்தியம் சற்றே கூடுதலாகவும் தெரிந்தது. கஷ்டத்தில் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்பே வீட்டில் இருந்த வறுமையால் வந்தது என்பதே அதன் சாரம். சீக்கிரம் கட்டிக்கொடுங்கள் என்று அது எங்கே சொன்னது? அதே உத்தியைச் செம்மைப்படுத்தி ஃபிளெட்சர், உல்ஃப் 2009இல் செய்த ஆய்வில் படிப்பும் வருமானமும் குறைந்ததாகவே தெரிந்தது.

அதுவும் அமெரிக்கக் கணக்கு. நமக்கு நெருக்கமான வங்கதேசத்தில் ஃபீல்டு, ஆம்ப்ரஸ் 2008இல் கண்டது வேறு: கல்யாணம் ஓராண்டு தள்ளினால் பள்ளிப்படிப்பு சராசரியாக 0.22 ஆண்டு கூடுகிறது.

நம் கரையில் படிப்பு நின்ற பெண்ணுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது பாசி எடுப்பதும் கருவாடு காயவைப்பதும்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் கணவன் வருமானமும் நிற்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பாதியில் நின்றால் அதுவும் இல்லை.

18 வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.