பி14.0 கோடுக்கு 28 நாள் கெடு எல்லாம் கிடையாது
பி14.0-ன்னா பிரசவத்துல அடிபட்டு வர்ற எர்ப்ஸ் பால்ஸிக்கு (தோள், மேல்கை செயலிழப்பு) மெடிக்கல் ரெக்கார்டுல போடற கோடு, ஜி54.0 தோள் நரம்புக் கோளாறுக்கான பொதுவான கோடு. மேல ஒருத்தர் "குழந்தைக்கு 28 நாள் தாண்டிட்டா பி14.0 போடக்கூடாது, ஜி54.0-க்கு மாத்திடணும்"னு எழுதிருக்கார், அது தப்புங்க. 28 நாள்ங்கறது பெரினேட்டல் பீரியடோட (பிறப்புக்கு முன்னாடில இருந்து பிறந்து 28 நாள் வரைக்குமான காலம்) கணக்கு, பிரச்சனை அதுக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும், அவ்ளோதான். பிரசவத்துல தோள் மாட்டி நரம்பு இழுபட்டு வந்த எர்ப்ஸ் பால்ஸி 6 வயசுலயும் இருக்குன்னா அப்பவும் பி14.0 தான், ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவுல நோய்களுக்கு கோடு போடற முறை) கைட்லைன்ல 16வது சாப்டர் பகுதியிலயே வயசு எதுவா இருந்தாலும் அதே கோடுதான்னு தெளிவா இருக்கு, ஒருதடவ எடுத்து படிச்சுப் பாருங்க. ஆனா டாக்டர் நோட்ல "வலது கை அசைவு கம்மி"ன்னு மட்டும் இருந்தா நீங்களா எர்ப்ஸ்னு முடிவு பண்ணிடாதீங்க, டாக்டர்கிட்டயே விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்க, க்ளம்ப்கேன்னா (முன்கை, விரல்களை பாதிக்கற வகை) பி14.1 ஆயிடும். அப்புறம் அம்மாவோட மெடிக்கல் ரெக்கார்டுல பி-ல ஆரம்பிக்கற கோடே வரக்கூடாது, அதையும் நிறைய பேர் சொதப்புறாங்க.