அலைஞ்சாத்தான் அறிவு வருமாம்

ரெண்டு நாளா வாயத் தொறக்காமதான் இருந்தேன். ஊர் குரூப்ல நடந்த கூத்து எல்லாருக்கும் தெரியும், மறுபடி மொதல்ல இருந்து சொல்லப்போறதில்ல. ஆனா நம்ம ஊருத் தம்பி ஒருத்தன் குரூப்ல போட்ட லிஸ்ட்ல அப்படி என்ன குத்தத்தக் கண்டாகன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல. பல்கலைக்கழகத்துல எந்த சர்டிபிகேட்டுக்கு எந்த பில்டிங், எத்தனாவது மாடி, சலான் எங்க கட்டணும், எத்தன மணிக்கு கவுண்டர மூடுவாக, இம்புட்டுதான அதுல இருந்துச்சு. நாலு தடவ போயி அலைஞ்ச பய, அடுத்தவன் அலையக் கூடாதேன்னு நோட்டுல எழுதி போட்டோ புடிச்சுப் போட்டான். அதுக்குப் போயி "டிகிரி முடிச்சவனுக்கு ஒரு ஆபீஸத் தேடத் தெரியலன்னா அந்த டிகிரி எதுக்கு, எல்லாத்தையும் ஊட்டி விடாதீங்க, அலைஞ்சாத்தான் அறிவு வரும்"னு ஒரு பெரிய மனுஷர் எழுதுறாக, அதுக்கு நம்ம ஊர்க்காரங்களே வரிசையா கைதட்டுறாக. பய கூசிப்போயி லிஸ்டையே அழிச்சுட்டான்.

சரிங்கய்யா. அலைஞ்சா அறிவு வரும்னா எங்கப்பா இன்னேரம் துணைவேந்தர் ஆகியிருக்கணும்.

கதைய சொல்றேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிருங்க. 2009 மழையில பாம்பன்ல எங்க வீட்டு ஓடு ஒழுகி, ட்ரங்குப் பொட்டிக்குள்ள இருந்த என்னோட மூணாவது செமஸ்டர் மார்க் ஷீட்டு ஊறிப் போயி பக்கத்துப் பேப்பரோட ஒட்டிக்கிச்சு. பிரிச்சா பாதி இங்கிட்டு பாதி அங்கிட்டு. அப்ப ஒரு வேலைக்கு ஒரிஜினல் எல்லாம் கேட்டிருந்தாக. டூப்ளிகேட் வாங்கணும்னா பல்கலைக்கழகத்துக்கு நேர்லதான் போகணும்னாக, பொம்பளப் புள்ளைய தனியா அனுப்ப மாட்டேன்னு அப்பாவும் கெளம்பிட்டாக. அப்பா விசைப்படகுல பங்குக்குப் போற ஆளு. எங்க பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகலாம், அதுல ஒரு நாள் போச்சுன்னா அந்த வாரத்துல மூணுல ஒரு பங்கு வருமானம் போச்சு. இத ஏன் சொல்றேன்னா "ஒரு நாள் அலைச்சல்தானே"ன்னு குரூப்ல ஒருத்தர் எழுதியிருந்தாக. ஒரு நாள்னா எங்க வீட்டுல என்னன்னு தெரிஞ்சுக்கட்டும்னுதான்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையப் போட்டுக்கிட்டு, ராமநாதபுரம் போயி அங்கிட்டு இருந்து ராத்திரி பஸ் ஏறி, காலைல ஏழு மணிக்கே கேட்ல நிக்கிறோம். வாட்ச்மேன் எங்க போகணும்னு கேட்டாரு, மார்க் ஷீட் விஷயம்னோம், அட்மின் பிளாக்குனு கைய நீட்டிட்டாரு. பத்து மணி வரைக்கும் அட்மின் பிளாக் படிக்கட்டுல உக்காந்து, ஆள் வந்தப்பறம் கேட்டா "இது பதிவாளர் ஆபீஸ், மார்க் ஷீட்டெல்லாம் தேர்வாணையர் ஆபீஸ்ல"ன்னாக. தேர்வாணையர்னா பரீட்சை, மார்க் விஷயத்தப் பாக்குற அதிகாரி. அது எங்கன்னா அங்கிட்டு. அங்க போனா யூஜியா பிஜியா, யூஜின்னா பின்னாடி பில்டிங். பின்னாடி பில்டிங்ல எந்த காலேஜ், அந்த காலேஜுக்கு வேற சீட்டு. அந்த சீட்டு இன்னைக்கு லீவு.

இந்த "சீட்டு" இருக்கு பாருங்க. ஆபீஸ் பாஷைல சீட்டுன்னா ஒரு ஆளும் அவரு பாக்குற வேலையும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். "சீட்டு இல்லம்மா"ன்னு அந்தம்மா சொன்னதும் அப்பா ஓரத்துல காலியா கெடந்த நாற்காலியக் காட்டி "இந்தா ஒண்ணு கெடக்குல்லம்மா"ன்னாக. அந்த ரூமே சிரிச்சுச்சு. அப்பாவும் சேர்ந்து சிரிச்சாக, எதுக்கு சிரிக்கிறாகன்னு தெரியாமலே. நான் சிரிக்கல.

மிச்சத்த வேகமா சொல்லிர்றேன். ஃபார்ம் ஒரு எடம், சலான் பேங்க்ல, நாங்க போன நேரத்துக்கு மேல பேங்க்ல சலான் வாங்க மாட்டாகளாம். ரெண்டாவது தடவ சலானும் ஃபார்மும் கையில இருக்கு, காலேஜ் பிரின்சிபால் வழியாத்தான் வரணும், நேரா வாங்க மாட்டோம்னாக. இத மொத தடவையே யாராச்சும் சொல்லியிருந்தா காலேஜ் எங்களுக்குப் பக்கந்தான். மூணாவது தடவ தபால் செக்‌ஷன்ல குடுத்து பேப்பர் வந்துருச்சுன்னு பதியுற இன்வேர்ட் நம்பர் வாங்கணும்ங்கறது தெரியாம நேரா மேசையில வெச்சுட்டு வந்திருப்போம், ஒரு பியூன் அண்ணன் புண்ணியத்துல தப்பிச்சோம், அவருதான் "நம்பர் இல்லாம பேப்பர வெச்சா அது காத்துல போயிரும்மா"ன்னாரு. அந்த மொத்த பல்கலைக்கழகத்துலயும் எங்களுக்கு வழி சொன்னது அவரு ஒருத்தருதான். அவருக்கும் எவன் ஊட்டி விட்டானோ.

எங்கப்பா ராத்திரியில பாம்பன் லைட் ஹவுஸ் வெளிச்சத்த வெச்சும், பகல்ல ராமேஸ்வரம் கோபுரத்த வெச்சும் கரை எங்கிட்டு இருக்குன்னு சொல்லிருவாக. வாடக்காத்து திரும்புறத மொகத்துல பட்டதும் சொல்ற ஆளு. அப்பேர்ப்பட்ட மனுஷன ரெண்டு மாடிக்குள்ள தொலைய விட்டாங்க. ஏன்னா அங்க எந்த அடையாளமும் இல்ல. இருந்த போர்டுல ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் போட்டிருந்துச்சு, அவ்வளவுதான். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு அந்த ரூமுக்குள்ள உக்காந்திருக்கவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்ப அந்த போர்டு யாருக்கு?

நம்ம ராமேஸ்வரம் கோயில யோசிச்சுப் பாருங்க. காசில இருந்து, நேபாளத்துல இருந்தெல்லாம் வர்றாக, தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது, வயசானவங்க வேற, நனஞ்ச துணியோட 22 தீர்த்தத்தையும் வரிசையா ஆடிட்டு வெளிய வந்துர்றாக. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர், அடுத்து எங்கிட்டுன்னு வழி. யாராச்சும் அவுகளப் பாத்து "தீர்த்தத்தத் தேடத் தெரியலன்னா புண்ணியம் எதுக்கு"ன்னு கேக்குறோமா? அம்புட்டுப் பெரிய பிரகாரத்துல முடியுது, ஒரு தேர்வுப் பிரிவுல முடியாதா?

இதுக்கு என்ன சொல்லுவீகன்னு தெரியும். வெப்சைட்ல எல்லாம் இருக்கேம்பீக. இருக்கு, நானும் பாத்தேன். துணைவேந்தர் யாரு, சிண்டிகேட், செனட்ங்கற பல்கலைக்கழகக் குழுவுல யாரு யாரு, எல்லாம் போட்டோவோட இருக்கு. சிண்டிகேட்டுக்கும் செனட்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்கிட்டா என் மார்க் ஷீட் கெடச்சிருமா? நான் தேடுறது தேஞ்சு போன ஒரு கவுண்டரு, அது அந்த வெப்சைட்ல எங்கயும் இல்ல. போன் பண்ணிக் கேக்கலாமேம்பீக. பண்ணிப் பாருங்க, நல்லா அடிக்கும்.

சர்டிபிகேட்ட போன்லயே எடுத்துக்கிற டிஜிலாக்கர் வந்துருச்சேன்னு ஒரு அக்கா கேட்டாக. புதுசா முடிக்கிற புள்ளைகளுக்கு அதுல வருது, நல்ல விஷயம், நான் இல்லன்னு சொல்லல. என் பேட்ச்சுக்குத் தேடிப் பாத்தேன், ஒண்ணும் வரல. என்ன மாதிரி பழைய ஆளுகளுக்கு இன்னும் அதே படிக்கட்டுதான்.

ஸ்டாஃப் பத்தல, ஒரு ஆளு மூணு சீட்டு பாக்குறாகன்னு சொல்றதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ரிட்டையர் ஆனவங்க எடத்துக்கு ஆள் போடாம இருக்கிறவங்க தலையிலயே கட்டுறாக, அவுகளும் மனுஷங்கதான். ஆனா அதே காரணத்துக்குத்தானே போர்டு வேணும்? ஒரு நாளைக்கு நூறு பேரு வந்து "இது எங்க"ன்னு கேட்டா அவுகளுக்குத்தானே தலவலி? ஒரு பெயின்டரக் கூப்பிட்டு, "மார்க் ஷீட், ப்ரொவிஷனல், டிகிரி, உண்மைத்தன்மை சான்று எல்லாம் தேர்வாணையர் ஆபீஸ், டிசி, நன்னடத்தைச் சான்று உங்க காலேஜ்லயே வாங்கிக்கங்க, இங்க வராதீங்க, தொலைதூரக் கல்வின்னா அது தனி பில்டிங்"னு கேட் கிட்ட எழுதிப் போட்டா பாதிக் கூட்டம் வாசலோட திரும்பிரும். இதுக்கு எத்தன ஸ்டாஃப் வேணும்?

டிசிக்காக பல்கலைக்கழகம் வரைக்கும் போயிட்டு வந்தவங்கள நானே மூணு பேரு பாத்திருக்கேன். அதுல ஒரு புள்ள தொண்டில இருந்து போயிட்டு வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். 2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதுல 4-வது பிரிவு. ஒரு அரசு அமைப்புல என்னென்ன பிரிவு இருக்கு, யாருக்கு என்ன வேலை, அதிகாரிங்க பட்டியல், இதையெல்லாம் யாரும் கேக்காமலே அவங்களே வெளியிடணும், சட்டம் வந்து 120 நாளுக்குள்ளன்னு போட்டிருக்கு. யாரும் கேக்காமலே! அந்தத் தம்பி செஞ்சது பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை. அதுமட்டும் இல்ல, 10 ரூபா கட்டி தகவல் கேட்டு ஒரு மனு போட்டு, அந்தத் தகவல் வேற ஒரு பொது அதிகார அமைப்புகிட்ட இருந்தா, மனுவ வாங்குனவங்களே 5 நாளுக்குள்ள சரியான எடத்துக்கு அனுப்பி வெச்சுட்டு நமக்கும் சொல்லணும். அதாவது மனு தப்பான வாசலுக்குப் போனா கையப் புடிச்சு சரியான வாசல்ல கொண்டு போயி விடணும். மனுவுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்ல. சட்டத்த எழுதுனவங்களும் ஊட்டி விடுறவங்கதான் போல.

நம்ம கடக்கரையில இதோட வலி வேற. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், எங்கிட்டுப் பாத்தாலும் வளைகுடாவுக்குப் போற புள்ளைக. வேலைக்கு லெட்டர் வந்துரும், சர்டிபிகேட்ட அட்டெஸ்ட் பண்ணணும், அதுக்கு முன்னாடி சர்டிபிகேட் நெசம்தான்னு பல்கலைக்கழகம் குடுக்கிற உண்மைத்தன்மை சான்று, அப்பறம் மாநில உயர்கல்வித்துறை, அப்பறம் மத்திய வெளியுறவுத்துறை, சில நாட்டுக்கு எம்பசி. மொத படியே பல்கலைக்கழகத்துலதான். அங்க பத்து நாள் அங்கிட்டு இங்கிட்டுன்னு சுத்துனா கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருப்பானா? அப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளுகிட்ட ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்துத்தான் ஆகணும். அவனுக்கு என்ன தெரியும்? எந்த ரூம்னு தெரியும். வேற ஒண்ணுமே தெரியாது. எந்த ரூம்னு தெரிஞ்சதுக்குத்தான் மூவாயிரம். அந்தத் தம்பி அத சும்மா குடுத்தான், அதான் குத்தமாப் போச்சு.

பொம்பளைங்க விஷயத்த நான் விரிச்சு எழுதல. பாத்ரூம் எங்கன்னு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, காலைல இருந்து தண்ணி குடிக்காமலே மூணு பில்டிங் ஏறி எறங்குனது நான். அதுவும் அறிவுக் கணக்குலதான் சேருமான்னு தெரியல.

இப்ப அந்தப் பெரிய மனுஷருக்கு நேரா ஒரு வார்த்தை. உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு, ஊருக்கு நல்லது செஞ்சிருக்கீக, அத மறக்கல. ஆனா போன வருஷம் உங்க வீட்டுப் புள்ளையோட டிகிரி சர்டிபிகேட் ஒரே போன்ல முடிஞ்சுருச்சுன்னு இதே குரூப்ல நீங்கதான பெருமையா போட்டீக? "நம்ம ஆளு உள்ள இருக்காப்ல"ன்னு எழுதியிருந்தீக. நானும் லைக் போட்டேன். அப்ப அந்தப் புள்ளைக்கு அலையாம எப்படிங்கய்யா அறிவு வந்துச்சு? உள்ள ஆள் இருந்தா வழி தெரியும், இல்லாதவன் அலைஞ்சு கத்துக்கணும். கடக்கரைப் புள்ளைக அலையத்தான் பொறந்துச்சுகளா? எங்களுக்கு உள்ள யாரு இருக்கா? எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்சதே நாந்தான் மொதல்ல.

என்னைய ரொம்பக் கோவக்காரின்னு சொல்லுவாக, சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு இதுல அந்த ஆபீஸ் ஆளு கத்துனது கூட மறந்து போச்சு. ஆமா, கத்துனாரு, ரெண்டாவது தடவ, "யோவ், படிச்ச புள்ளையத்தான கூட்டிட்டு வந்திருக்க, வெளிய போர்டு இருக்குல்ல"ன்னு. அப்பா "சரிங்கய்யா"ன்னுட்டு வெளிய வந்துட்டாக. திரும்பி வர்ற பஸ்ல மானாமதுரை தாண்டுற வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்பறம் மெதுவா, எனக்கு வலிக்குமோன்னு பாத்துப் பாத்து, "ஏத்தா, நீ படிச்ச படிப்புல இதெல்லாம் சொல்லித் தரலயா"ன்னு கேட்டாக. கேலியா கேக்கல. நெசமாவே சந்தேகம் அவுகளுக்கு. மூணு வருஷம் கடல்ல உழைச்சு ஃபீஸ் கட்டுன மனுஷன், புள்ளைக்கு எங்கயோ ஒரு பாடம் விட்டுப் போச்சோன்னு நெனச்சுட்டாக. இல்லப்பா, அது என் தப்பு இல்லன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரல. இப்ப சொல்லலாம்னா கேக்க அவுக இல்ல.

போதும். எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ வந்துட்டேன்.

தம்பி அழிச்சுட்டான், ஆனா நான் அந்த லிஸ்ட்ட அன்னைக்கே சேவ் பண்ணி வெச்சிருந்தேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் குரூப்ல மறுபடி போட்டிருக்கேன், யாருக்கு வேணும்னாலும் அனுப்புங்க. பட்டமளிப்பு செக்‌ஷன் மட்டும் இப்ப மாடி மாறிருச்சுன்னு சொல்றாக. போன வாரம் போயிட்டு வந்தவங்க யாராச்சும் இருந்தா எந்த மாடின்னு சொல்லுங்க, திருத்திப் போடுறேன்.