ஜாக்கெட் தைத்தது அவ்வளவு பெரிய குற்றமா அண்ணே?

ஞாயிற்றுக்கிழமை முகநூலில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருப்பீர்கள், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் ஒரு மிஸ் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "என்ன மிஸ், உங்களுக்குக் கொரோனா ஜாலியா இருந்துச்சாமே" என்று கேட்டுவிட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நான் போட்டது ஒரு பழைய போட்டோ. 2020 ஜூனில் நான் முதன்முதலாக முழுசாகத் தைத்து முடித்த ஜாக்கெட், மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது. "அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்" என்று மேலே ஒரு வரி. அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குக் கீழேதான் கவிதை எழுதுகிற நம் அண்ணன் வந்து, ஊரே பிணம் எரித்துக்கொண்டிருந்தபோது ஜாக்கெட் தைத்துச் சந்தோஷப்பட்ட நடுத்தர வர்க்கமே என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு விட்டாரா? தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய் "மனசாட்சி செத்த கதை" என்று தலைப்பு வைத்துப் போட்டார். என் பெயரை மறைத்துவிட்டாராம், பெரிய மனது. ஜாக்கெட்டை மறைக்கவில்லையே, அதை வைத்தே அத்தனை பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, மனசாட்சி செத்த கதைக்கே வருவோம். 2020 ஏப்ரல் 19ஆம் தேதி இதே சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலைப் புதைக்கப் போன ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள், கட்டையால் அடித்தார்கள், கூடப் போனவர்களுக்கு மண்டை உடைந்தது. கொரோனாவில் செத்துப்போன ஒரு மருத்துவருக்கு ஆறடி மண் கொடுக்க மறுத்தது ஒரு கூட்டம். மனசாட்சி செத்த கதை எழுத வேண்டுமென்றால் அதை எழுதியிருக்கலாம். எழுதினீர்களா அண்ணே? உங்கள் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் நீங்கள் டல்கோனா காபி நுரை வந்த வீடியோ ஷேர் செய்திருக்கிறீர்கள். அதை ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்தது தப்பில்லை, ஜாக்கெட் தைத்ததும் தப்பில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் முதல் வரியைப் படித்துவிட்டுக் கமெண்டுக்கு இறங்கிவிடுவீர்கள். கஷ்டமான காலத்தில் ஒருத்தி சின்னதாகச் சந்தோஷப்படுவது அடுத்தவர் கஷ்டத்தைக் கேலி செய்வது ஆகாது.

"நடந்தே ஊருக்குப் போன தொழிலாளர்களை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பார்த்தேன் தம்பி. மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நாலு மணி நேரத்தில் நாடே மூடிவிட்டது. கையில் கூலி இல்லை, தங்க இடம் இல்லை, பஸ் இல்லை, ரயில் இல்லை. அவர்களுக்கென்று சிறப்பு ரயில் விட ஆரம்பித்ததே மே 1ஆம் தேதிதான். அந்த ஐந்து வாரத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும்? நானா? நான் தையல் மெஷினைத் தொடாமல் இருந்திருந்தால் ஏப்ரல் முதல் வாரமே ரயில் விட்டிருப்பார்களா? கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப் பயந்துகொண்டு, கைக்கு எட்டின டீச்சரம்மாவிடம் வந்து கேட்கிறீர்கள். அதுதான் விஷயம்.

அப்புறம் "உங்களுக்கெல்லாம் வீடு, சம்பளம், மாடி எல்லாம் இருந்தது" என்று ஒரு வாதம். இருந்தது. வாடகை வீடு, தனியார் பள்ளிக்கூடம், முதலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதிலும் பாதி. ஒரே போன். காலையில் அதில் நான் ஏழாம் வகுப்புக்கு ஆன்லைனில் பாடம் எடுக்க வேண்டும், முடிந்ததும் என் பையன் அதே போனில் பாடம் கேட்க வேண்டும். ஆனாலும் மூன்று வேளையும் சாப்பிட்டோம், ஒத்துக்கொள்கிறேன். சாப்பிட்டவள் சந்தோஷப்படக் கூடாது என்றால் அதை ரேஷன் கார்டிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் தெரு எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடசென்னையில் கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடலாம் போன்ற சந்து. தெருமுனையில் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கதவில், கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்திய வீடு என்று மாநகராட்சி ஸ்டிக்கர். அந்த வீட்டுப் பாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒட்டிட்டாங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். போகிறவர்கள் நிற்க மாட்டார்கள். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள், காய்கறி வண்டி வந்த அன்றைக்குத்தான் குழம்பில் காய். ஜூன் 19இல் திரும்பவும் சென்னையையும் பக்கத்து மாவட்டங்களையும் மாதக் கடைசி வரை மூடினார்கள். ராத்திரியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அது எந்தத் தெருப் பக்கம் திரும்புகிறது என்று காது தானாகவே பின்னாலே போகும்.

இந்த லட்சணத்தில்தான் ஜாக்கெட் தைத்தேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? எதிர்வீட்டு டெய்லர் அக்கா. அண்ணனுடைய கணக்கில் அவர் நடுத்தர வர்க்கம்கூட இல்லை. வீட்டு வாசலிலேயே கடை. சித்திரை, வைகாசி முகூர்த்தம்தான் அவருக்கு வருஷத்துச் சோறு. அந்த வருஷம் கல்யாணமெல்லாம் தள்ளிப்போனது, கொடுத்த ஜாக்கெட்டுகளை வாங்கவே ஆள் வரவில்லை. அப்புறம் கடை கடையாகக் கேட்டு மாஸ்க் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய கால் மெஷின் எங்கள் வீட்டில் துணி அடுக்கும் மேசையாக இருந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அவருக்கு மாஸ்க் ஓரம் அடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், அப்படித்தான் ஆரம்பம். என் தையலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், மேல நல்லாத்தான் இருக்கு, திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி அப்பிக் கிடக்கிறது.

அவர் அவர் வராந்தாவில், நான் என் வராந்தாவில். நடுவில் சந்து. பழைய நாளிதழை ஜாக்கெட் அளவுக்கு வெட்டிக் காட்டுவார், காட்டிவிட்டுத் துணி கிளிப்பை மாட்டி என் பக்கம் எறிவார். "முன்பக்கம் ஆர்ம்ஹோலை இன்னும் கொஞ்சம் குடைஞ்சு வெட்டுங்க, பின்பக்கத்தைத் தொடாதீங்க" என்று சந்துக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். நான் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, "அக்கா, டாட் எங்க பிடிக்கணும்?" என்று கத்துவேன். மார்புப் பக்கம் பிடிக்கிற மடிப்புக்குத்தான் டாட் என்று பெயர். கீழே கேட்டில் நிற்கிற ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எத்தனை சிரித்திருப்போம்! தோளில் கையைச் சேர்த்து, சுருக்கம் விழாமல் சுற்றி வந்து முடித்து, திருப்பிப் போட்டுப் பார்த்தபோது அது நிஜமாகவே ஜாக்கெட்டாக இருந்தது. கடையில் கொடுத்து வாங்கின ஜாக்கெட் மாதிரியே கை தூக்கினால் மேலே ஏறவில்லை. சந்துக்கு அந்தப் பக்கமிருந்து டெய்லர் அக்கா கை தட்டினார்.

அவர் வீட்டில் அன்றைக்கு என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை தட்டினார், சிரித்தார். இப்போது சொல்லுங்கள், அவருக்கும் மனசாட்சி செத்துவிட்டதா?

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். கஷ்டப்படுகிறவர்கள் அழுதுகொண்டேதான் இருப்பார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஹவுசிங் போர்டு மாடிகளில் அந்தக் கோடை முழுக்கப் பட்டம் பறந்தது. மாஞ்சா ஆபத்து, அது வேறு பேச்சு. வேலை போன வீட்டுத் திண்ணையில்தான் ராத்திரி பதினொரு மணி வரை தாயம் உருண்டது. கஷ்டத்தில் இருப்பவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் மனதுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறீர்கள், அதற்குள் அவர்கள் அடங்க வேண்டும், சிரித்துவிட்டால் உங்கள் கவிதை கெட்டுவிடும்.

வங்கத்தில் 1943இல் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அகமதுநகர் கோட்டைச் சிறையில் இருந்த நேரு மண்ணைக் கொத்திப் பூச்செடி வைத்தார். அவரே எழுதியிருக்கிறார். பஞ்சத்தைப் பற்றியும் அங்கே இருந்துதான் எழுதினார். இரண்டும் ஒரே ஆள்தான். உடனே "இவர் தன்னை நேருவோடு ஒப்பிடுகிறார்" என்று கிளம்பாதீர்கள், அண்ணன் அதற்கும் ஒரு தலைப்பு வைத்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஊரடங்கில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாதவன் சோம்பேறி" என்று வாட்ஸப்பில் சுற்றியது, ஞாபகமிருக்கிறதா? காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு, நேரத்தை முதலீடு செய் என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுத்தார்களே, அவர்களை எனக்கும் பிடிக்காது. எழுந்து பல் விளக்குவதே பெரிய காரியமாக இருந்த நாள் எனக்கும் உண்டு. நான் யாரையும் தைக்கச் சொல்லவில்லை. நான் தைத்தேன், எனக்குப் பிடித்தது. அவ்வளவுதான்.

"2021ஐ மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எங்கள் சித்தப்பா 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனார். ரெம்டெசிவிர் வரிசையில் என் தம்பி ராத்திரி முழுக்க நின்றான். மருந்து கிடைப்பதற்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது. முகத்தைக்கூடக் காட்டவில்லை, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். சித்தி வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். அந்த மாதம் நான் மெஷினைத் தொடவில்லை. அதற்கெல்லாம் போட்டோ எடுக்கவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. முகநூலில் போட்டால்தான் துக்கமா? எதை மறந்தேன், எதை மறக்கவில்லை என்று உங்களுக்கு ரசீது காட்ட வேண்டுமா?

சித்தி அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்தார். ஒரு மதியம் அவராகவே மெஷினில் உட்கார்ந்து, சித்தப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தலையணை உறை தைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அது சந்தோஷமா துக்கமா என்று அண்ணன்தான் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் என் ஆத்திரம் தீராது. 2021 பிப்ரவரி கடைசியில் தொடங்கி நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி நடந்ததே, அதில் அண்ணனுடைய கவிதைத் தொகுப்பு வந்தது. நானும் போய் வாங்கினேன், கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறார்? ஊரடங்கு தந்த தனிமையில் பல வருஷக் கனவு நிறைவேறியதாம். அண்ணே, அது அதே 2020 தானே? அதே பிணம் எரிந்த ஊர்தானே? உங்கள் தனிமையில் கவிதை வந்தால் இலக்கியம், என் வராந்தாவில் ஜாக்கெட் வந்தால் மனசாட்சி செத்துவிட்டதா?

அந்தத் தனிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். எல்லோரும் வீட்டிலேயே இருந்தால் மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு டீ, மலை மாதிரிப் பாத்திரம், வேலைக்கு வரும் அம்மாவும் வர முடியாது. எங்கள் வீட்டில் நான் பாத்திரம் கழுவி முடித்து, போனில் நோட்டு திருத்தி, எல்லோரும் படுத்தபின் கிடைக்கிற நேரத்தில்தான் மெஷினில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்குமே என்று பெடலை மெதுவாக மிதித்தேன். "நாற்பது தாண்டினப்புறம் இதெல்லாம் எதுக்கு" என்று மாமியார் கேட்டார். சின்ன வயதில் "படிக்கிற பிள்ளைக்கு மெஷின் எதுக்கு" என்று அம்மா இதே மெஷினிலிருந்து எழுப்பிவிட்டார். இப்போது ஊரே செத்தபோது எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கென்று ஒன்றைச் செய்ய எந்தக் காலம்தான் சரியான காலம்? பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் பதிப்பாளர் பெயர் இருக்கிறது, அட்டை வரைந்தவர் பெயர் இருக்கிறது, நாலைந்து நண்பர்கள் இருக்கிறார்கள். அண்ணி பெயரைத் தேடினேன், காணோம். நீங்கள் கவிதை எழுதிய மாதங்களில் உங்கள் வீட்டில் சமைத்தது யார் அண்ணே?

கமெண்டில் யாரும் அண்ணனைத் திட்ட வேண்டாம், நீக்கிவிடுவேன், திட்ட வேண்டியதை நானே திட்டிவிட்டேன். அண்ணி, நீங்கள் இதைப் படித்தால் அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்தனுப்புங்கள். லைனிங் வைத்து நன்றாகவே தைத்துத் தருகிறேன். கூலி வாங்குவேன், அதை அண்ணனிடமே வாங்கிக்கொள்கிறேன்.