ஒபாமாவின் ஈரான் கொள்கை: பழியை எங்கே வைப்பது?

ஈரானுடன் ஒபாமா செய்துகொண்ட அணுசக்தி ஒப்பந்தம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "விமானத்தில் பணம் ஏற்றி அனுப்பியவர்தானே" என்ற ஒற்றை வரியில் பலர் வழக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம், 1979 புரட்சிக்கு முன் மன்னர் ஷாவின் அரசு அமெரிக்க ஆயுதங்களுக்காகக் கட்டிவைத்த 40 கோடி டாலர். ஆயுதங்களும் போய்ச் சேரவில்லை, பணமும் திரும்பவில்லை. தி ஹேக் தீர்ப்பாயத்தில் பல பத்தாண்டுகள் இழுபட்ட அந்த வழக்கு, வட்டி 130 கோடியையும் சேர்த்து 170 கோடி டாலருக்கு 2016 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. முதல் தவணை யூரோவும் சுவிஸ் பிராங்குமாக, நோட்டுக் கட்டுகளாகச் சரக்கு விமானத்தில் போனது. அமெரிக்கக் கைதிகள் ஈரானை விட்டுக் கிளம்பும் வரை பணத்தை நிறுத்திவைத்திருந்ததை வெளியுறவுத் துறையே பிற்பாடு ஒப்புக்கொண்டது. பார்க்க அழகான காட்சி இல்லைதான். ஆனால் கடனைத் திருப்பித் தந்ததைக் கப்பம் என்று சொல்வது நியாயமாகாது.

ஒபாமா இளகிய மனத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போனார் என்பதும் சரியில்லை. ஈரானின் கும் நகருக்கு அருகே மலைக்குள் ஒளித்துக் கட்டப்பட்டிருந்த ஃபோர்டோ யுரேனியச் செறிவூட்டல் ஆலையை 2009 செப்டம்பரில் பிரெஞ்சு அதிபர் சர்கோசியையும் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உலகறியச் செய்தவர் அவர்தான். மறு ஆண்டு, ரஷ்யாவும் சீனாவும் ஆதரித்து வாக்களிக்க, ஈரான் மீது தடைகள் விதிக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1929ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. 2012இல் ஐரோப்பா ஈரானிய எண்ணெயை நிறுத்தியது. ஈரானிய வங்கிகள், உலக வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டன. இந்தத் தடைகள் வலித்ததற்குக் காரணம் அமெரிக்காவின் பலம் மட்டுமல்ல. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய இந்தியா, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகள் தங்கள் நலனை விட்டுக்கொடுத்து ஒத்துழைத்ததும்தான். பேச்சுவார்த்தை ஒன்று நடக்கிறது என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அப்படிப்பட்ட ஒத்துழைப்பு நிலைக்கும் என்பதை இன்னும் கடுமையான தடைகளைக் கேட்டவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

2015 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்த வியன்னாவிலிருந்து கையிலெடுத்து வந்தது என்ன? யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்கள் சுமார் 19,000 ஆக இருந்தவை 6,104 ஆகக் குறைந்தன. யுரேனியத்தை 3.67 விழுக்காட்டுக்கு மேல் செறிவூட்டக் கூடாது, 300 கிலோவுக்கு மேல் கையிருப்பு கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. மிகுதி கப்பலில் ரஷ்யா போனது. புளூட்டோனியத்துக்கு வழிவகுத்திருக்கக்கூடிய அராக் உலையின் மையக் கலம் வெளியே எடுக்கப்பட்டு, அதன் குழாய்களுக்குள் கான்கிரீட் ஊற்றப்பட்டது. ஏவுகணைகளும், ஈரான் ஆதரிக்கும் லெபனான் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றன என்பது உண்மை, பல வரம்புகள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதும் உண்மை. பின்னதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். ஆயினும் அணுகுண்டைத் தள்ளிப்போடுவதே அந்தப் பேரத்தின் நோக்கமாக இருந்தது. ஈரானின் குணத்தை மாற்றுவதற்கென்று யாரும் வியன்னாவில் உட்காரவில்லை.

ஒபாமாவின் மீது நான் வைக்கும் பழி வேறு. ஒப்பந்தத்தின் பலவீனம் ஈரானின் செறிவூட்டல் ஆலை இருக்கும் நத்தன்ஸில் இல்லை, வாஷிங்டனில் இருந்தது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் கிடைக்காது என்று தெரிந்ததால், அவர் அதை உடன்படிக்கையாக அங்கே கொண்டுபோகவில்லை. 2015 மார்ச்சிலேயே 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் தெஹ்ரானுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் இதை ரத்து செய்ய முடியும் என்று அறிவித்திருந்தார்கள். (ஒரு நாட்டின் செனட்டர்கள் எதிரி நாட்டுத் தலைமைக்குத் தங்கள் அதிபரை நம்பாதீர்கள் என்று எழுதுவது விசித்திரமான தேசபக்தி, அது தனிக் கதை.) செப்டம்பரில், ஒப்பந்தத்தை நிராகரிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக செனட்டில் 60 வாக்குகள் தேவைப்பட்டபோது 58தான் கிடைத்தன. ஒப்பந்தம் பிழைத்தது அவை நடைமுறையின் தயவால். வெள்ளை மாளிகை அதை வெற்றியாகக் கொண்டாடியது. தன் கட்சியிலேயே நான்கு பேர் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்த அந்த நாளை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, எஞ்சிய பதினாறு மாதங்களையும் உள்நாட்டு ஆதரவைத் திரட்டச் செலவிட்டிருக்க வேண்டும். அதில் அவர் காட்டிய அக்கறை, ஓமானில் நடந்த இரகசியப் பேச்சுகளுக்குக் காட்டியதில் பாதிகூட இல்லை என்பது என் கருத்து.

ஈரான் வரம்புகளை மதிப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கை மேல் அறிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். 2021 ஏப்ரலில் ஈரான் 60 விழுக்காட்டுச் செறிவூட்டலைத் தொடங்கியது. 2025 ஜூனில் ஃபோர்டோ மீது அமெரிக்கா குண்டு வீசிய நேரத்தில், அந்தச் செறிவில் 400 கிலோவுக்கு மேல் யுரேனியம் ஈரானிடம் சேர்ந்திருந்தது. அதன்பின் மாதக்கணக்கில் ஆய்வாளர்களால் அதை நேரில் சரிபார்க்க முடியவில்லை. 3.67 விழுக்காடு, 300 கிலோ என்ற வரம்பைச் சரணாகதி என்று இகழ்ந்தவர்கள் இந்தக் கையிருப்புக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறேன்.